இரும்பு 71 வந்தால் என்ஜினை இறக்கணுமா?

செஸ்னா 172 என்கிற பழைய சின்னப் பயிற்சி விமானம் ஒன்றின் ஆயில் ரிப்போர்ட் அது, அதாவது என்ஜினில் ஓடிய ஆயிலில் எந்த உலோகத் தூள் எவ்வளவு என்று லேபில் பார்த்துச் சொல்வது. பி (P) மாடல், உள்ளே லைகமிங் கம்பெனியின் ஓ-320-டி2ஜே என்ஜின், 160 குதிரைசக்தி. மழைக்காலம் முடிந்த கையோடு என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இரும்பு 71 பிபிஎம் (பத்து லட்சத்தில் 71 பங்கு) என்ற இடத்தில் லேப்காரர்கள் சிவப்புக் கட்டம் போட்டிருந்தார்கள். கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "மாமா, ஓனர் என்ஜினை இறக்கச் சொல்றாரு."

அவன் ஒரு பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியன். ஊர் பேர் வேண்டாம், கடலோரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் விமானப் பராமரிப்பு லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, புதுச்சேரி விமான நிலையம் இருக்கிற லாஸ்பேட்டையில் உட்கார்ந்திருக்கிற ஆள். ஏடிஆர் விமானம் இறங்குகிற சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஏறுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. பிஸ்டன் என்ஜினோடு காலத்தை ஓட்டியவன் என்று தெரிந்ததால் இப்படி ரிப்போர்ட்டுகள் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த நம்பர் ஓகேவா சார்?" நம்பரை மட்டும் நீட்டினால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அவனிடம் திருப்பிக் கேட்டேன். இந்த ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது? முந்தைய ரிப்போர்ட்டுகள் எங்கே? நடுவில் எவ்வளவு ஊற்றினீர்கள்? விமானம் சும்மா நின்றதா? ஃபில்டரை வெட்டிப் பார்த்தீர்களா?

பதில் துண்டு துண்டாக வந்தது. ஆயில் ஓடியது 31 மணி நேரம். முந்தைய மூன்று ரிப்போர்ட்டுகளில் இரும்பு 24, 27, 22. மூன்றுமே 50 மணி நேர ஆயில். ஒரு பார்ட்ஸ் வரவேண்டி விமானம் பத்து வாரம் போல தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது, அதுவும் ஐப்பசி, கார்த்திகையில். ஃபில்டர் வெட்டாமல் டிரேயில் கிடக்கிறது.

இதில் பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது. லேப்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு பாட்டில் கறுப்பு எண்ணெய், ஒரு சீட்டு. அந்தச் சீட்டிலும் ஆயில் ஓடிய மணி நேரம் என்ற இடத்தை நம் ஆட்கள் காலியாக விட்டிருந்தார்கள். அவர் வேறென்ன செய்வார்? தன்னிடம் இருக்கும் சராசரியோடு ஒப்பிட்டுச் சிவப்புக் கட்டம் போட்டார்.

71 பிபிஎம் என்பது கையில் எடுத்தால் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஆயிலில் 71 மில்லிகிராம். இந்த என்ஜினின் மொத்த ஆயில் கொள்ளளவு 8 குவார்ட், அதாவது ஏழரை லிட்டர். எடையில் ஆறரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மொத்த இரும்பும் சேர்ந்து அரை கிராம்கூட வராது. நகைக்கடைக்காரரிடம் போனால் ஒரு பவுனில் பதினாறில் ஒரு பங்கு. இந்த அரை கிராமுக்காகத்தான் ஓனர் என்ஜினை இறக்கச் சொல்கிறார். அதற்காக அரை கிராம் அற்பம் என்றும் சொல்லமாட்டேன். எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

இந்தச் சோதனை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிலை மிக அதிக வெப்பத்தில் எரிக்கிறார்கள். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளி விடும். அந்த ஒளியின் அளவை வைத்து இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று கருவி சொல்லும். 1940களில் அமெரிக்க ரயில்வேக்காரர்கள் டீசல் லோகோவுக்குத் தொடங்கிய வேலை இது. பிறகுதான் விமானத்துக்கு வந்தது. ஆனால் இந்தக் கருவி சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூளைத்தான் சரியாகப் பார்க்கும். அதைவிடப் பெரிய துணுக்கு முழுதாக எரியாது, கணக்கிலும் வராது. கண்ணுக்குத் தெரிகிற சில்லு என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாலும் ரிப்போர்ட் பச்சையாகவே வரலாம். அந்தச் சில்லு மாட்டுகிற இடம் ஃபில்டரும் சம்ப்பில் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) உள்ள சக்‌ஷன் ஸ்கிரீனும்தான். ரிப்போர்ட்டுக்குக் காசு கட்டிவிட்டு ஃபில்டரை அப்படியே குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

"மாப்ள, முதல்ல அதை வெட்டு. ஹேக்ஸா பிளேடை எடுத்துடாதே" என்றேன். பிளேடு போட்டால் அதன் தூளே உள்ளே விழுந்து, அதைப் பார்த்து இன்னொரு பயம் கிளம்பும். ஃபில்டர் கட்டர் என்றே தனியாக இருக்கிறது. வெட்டி, மடிப்புக் காகிதத்தை உருவி, வைஸில் வைத்துப் பிழிந்து, வெள்ளைத் துணி மேல் விரித்து வெயிலில் பார்க்கணும். அப்புறம் காந்தம். அவன் பார்த்துவிட்டு வீடியோ காலில் காட்டினான். கருப்பு வண்டல், கொஞ்சம் கார்பன் பொருக்கு. காந்தத்தில் மெல்லிய பழுப்பு மாவு போல ஏதோ ஒட்டியது. ஊசி ஊசியாகவோ செதில் செதிலாகவோ ஒன்றுமில்லை.

அடுத்து ரிப்போர்ட்டில் மற்ற உலோகங்கள். அலுமினியம் 6, குரோமியம் 4, செம்பு 5, நிக்கல் 2, வெள்ளீயம் பூஜ்யம், சிலிக்கான் 7. எல்லாம் பழைய மூன்று ரிப்போர்ட்டுகளில் இருந்த இடத்திலேயே இருந்தன. இரும்பு மட்டும் எகிறியிருக்கிறது. நான் முதலில் தேடுவது இதைத்தான்: எது எதோடு சேர்ந்து ஏறுகிறது?

பிஸ்டன் தேய்ந்தால் அலுமினியம் வரும். ஆனால் பிஸ்டன் தனியாகத் தேயாது. சிலிண்டர் சுவரின் இரும்பும் ரிங்கின் குரோமியமும் கூடவே நகரும். குரோமியத்தைப் படிக்க ஒரு குறுக்குவழி உண்டு: சிலிண்டரில் அடித்திருக்கும் பெயின்ட் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் நைட்ரைடு செய்து மேற்பரப்பைக் கெட்டியாக்கிய எஃகு பாரல் (சிலிண்டரின் குழல்). அதற்குள் ஓடுவது குரோம் ரிங், ஆகவே ஆயிலில் வரும் குரோமியம் ரிங்கில் இருந்து வருவது. ஆரஞ்சு என்றால் பாரலே குரோம் பூசியது. குரோமோடு குரோம் உரசவிடக்கூடாது என்பதால் அதற்குள் வேறு ரிங். அங்கே குரோமியம் ஏறினால் சிலிண்டர் சுவர்தான் பேசுகிறது. ஒரே எண், இரண்டு என்ஜினில் இரண்டு அர்த்தம். நம் பையனுடையதில் நீலம். நைட்ரைடு சிலிண்டர் உழைக்கும், ஆனால் துருப்பிடிப்பதில் அவசரக்காரன்.

செம்பு என்றால் ராக்கர் புஷ், கனெக்டிங் ராடின் சின்ன முனை புஷ் போன்ற வெண்கலச் சாமான்கள். ஆயில் கூலர் புதிதாகப் போட்டிருந்தாலும் கொஞ்ச நாள் செம்பு காட்டும், பயப்பட வேண்டாம். நிக்கல் மெல்ல மெல்ல ஏறினால் நான் எக்ஸாஸ்ட் வால்வு, அது ஏறி இறங்குகிற குழலான கைடு பக்கம் திரும்புவேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் ஒரு நிமிஷம் குலுங்கிவிட்டுப் பிறகு சரியாகிறதா என்று பைலட்டைக் கேட்பேன். ஆமாம் என்றால் வால்வு கைடில் ஒட்டுகிறது. ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு ராக்கர் கவரைத் திறக்க வேண்டியதுதான்.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுனில்) இருக்கும் என் பள்ளித் தோழன் கோபித்துக்கொள்வான். துறைமுகத்தில் விசைப்படகு டீசல் என்ஜின்களைப் பார்க்கிற கை அது. டிப்ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவான். இந்த ரிப்போர்ட்டை அவனிடம் காட்டியபோது இரும்பையே அவன் பார்க்கவில்லை.

"என்னாடா இது, ஈயம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்! மெயின் பேரிங் மொத்தமா கரைஞ்சு போச்சு போல."

அவன் பயந்ததில் தப்பே இல்லை. டீசல் என்ஜினில் ஈயம் நூறைத் தொட்டாலே பேரிங்கைச் சந்தேகிக்கணும். ஆனால் விமானத்துக்கு ஊற்றுகிற ஆவ்கேஸ் 100 எல்எல் ஈயம் கலந்த பெட்ரோல். பேரில் 'லோ லெட்' என்றிருந்தாலும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எரிந்தபின் ஒரு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் சேர்ந்துவிடும். ஆயிரக்கணக்கில் வருவது இங்கே அன்றாடம். பேரிங் ஈயத்தை இந்த வெள்ளத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பேரிங்குக்கு வெள்ளீயத்தையும் செம்பையும் பார்க்கிறோம். அதே மணி நேரத்துக்கு ஈயம் திடீரென்று இரண்டு மடங்கானால் மட்டும், ரிங் வழியாகக் காற்று அதிகம் இறங்குகிறதா, மிக்ஸ்சரை ரொம்ப ரிச்சாகவே (காற்றோடு பெட்ரோல் கூடுதலாகவே) வைத்து ஓட்டுகிறார்களா என்று கேட்கலாம். (சோடியம் ஏறினால் கடல் தண்ணீர் என்ஜினுக்குள் வந்துவிட்டது என்று அவன் படகுக்குச் சொல்வான். நம் லைகமிங் காற்றில் குளிர்வது. அந்தக் கவலை இல்லை.)

இரும்புக்கு வருவோம். அதையும் அந்தத் தோழனே தொட்டுவிட்டான். "எத்தனை நாள் நின்னுது?" என்றான். எழுபது நாள் என்றதும் சிரித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அவனுக்கு. படகுகள் கட்டிக்கிடந்துவிட்டு முதல் ஓட்டம் போய்வந்த ஆயிலை அவன் நம்பவே மாட்டான், உடனே வடித்துவிடுவான்.

லைகமிங்கில் இது இன்னும் மோசம். வால்வுகளைத் திறக்க வைக்கிற அதன் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. ஓடும்போது தெறிக்கிற ஆயில் அதை நனைக்கிறது. நிறுத்தினால் எல்லாம் வடிந்து கீழே போய்விடும். ஓ-200, ஓ-470 மாதிரி கான்டினென்டல் கம்பெனி என்ஜின்களில் கேம் கீழே, ஆயிலுக்குப் பக்கத்தில் இருக்கும். லைகமிங்கை வாரக்கணக்கில் நிறுத்தினால் கேமும் அதன் மேல் உரசுகிற டாப்பெட் முகமும் வெறும் எஃகாக ஈரக் காற்றில் நிற்கும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி ஒரு மழைக்காலத்துக்குள் பெயின்டைத் தள்ளிக்கொண்டு செதில் விடுகிறது. அதே காற்றுதான் அங்கேயும்.

இதில் பையன்கள் ஒரு நல்ல காரியம் வேறு செய்திருந்தார்கள். "சும்மா நிக்கக்கூடாதுன்னு வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் கிரவுண்ட் ரன் குடுத்தோம் மாமா." தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெரும்பகுதி புகையோடு போகும். கொஞ்சம் ரிங் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் (என்ஜினின் நடு உடம்புக்குள்) இறங்கும். அதை விரட்ட ஆயில் நன்றாகச் சூடேறணும். லைகமிங் சொல்வது 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் குறைந்தது ஒரு மணி நேரம், அதுவும் பறந்து. தரையில் பத்து நிமிஷம் ஓட்டினால் ஆயில் வெதுவெதுப்பாகும், தண்ணீர் உள்ளேயே தங்கும். கையால் புரொப்பெல்லரைச் சுற்றிவிடுவதும் உதவாது. மிச்சம் ஒட்டியிருக்கும் ஆயில் படலத்தையும் வழித்துவிடும். பறக்க வழியில்லை என்றால் பிரிசர்வேஷன் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் டெசிகன்ட் பிளக் மாட்டி மூடி வைப்பதுதான் வழி.

இரும்பு தனியாக எகிறியது, மற்றது அசையவில்லை, ஃபில்டரில் செதில் இல்லை, காந்தத்தில் பழுப்பு மாவு, பத்து வாரம் ஈரத்தில் நின்ற கதை. இது துரு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனாலும் ஒரு உறுதி வேண்டும். தேய்மானம் என்றால் மணிக்கு இவ்வளவு என்று இரும்பு தொடர்ந்து வரும். துரு அப்படி வராது. மறுபடி ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி ஆயிலில் இறங்கிவிடும். ஆகவே முடிவு அடுத்த சாம்பிளில் இருக்கிறது.

"கையெழுத்துப் போடறது உங்க ஏஎம்இ, லைசென்ஸ் வச்சிருக்கற பராமரிப்பு இன்ஜினீயர். அவர்கிட்ட இதைக் காட்டு. போரோஸ்கோப் கேமராவை உள்ள விட்டு நாலு சிலிண்டரையும் பாருங்க. புது ஆயில் ஊத்திப் பறக்க விடுங்க. 25 மணி நேரத்துல சாம்பிள் எடு" என்றேன். அவர் நிதானமான மனிதர், ஒத்துக்கொண்டார். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றுபோன சிலிண்டரின் சுவரில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தது. மற்ற மூன்றும் சுத்தம்.

25 மணி நேர சாம்பிளில் இரும்பு 26 வந்தது. மணிக்கு 1. சிவப்புக் கட்டம் போட்ட ரிப்போர்ட்டில் மணிக்கு 2.3 இருந்தது, நிற்பதற்கு முன் அரை. ஆயில் மாற்றினாலும் கூலரிலும் வழித்தடங்களிலும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கிவிடும், அந்தப் பாக்கியும் இதில் சேர்த்தி. அதற்கடுத்த 50 மணி நேர ஆயிலில் 29. பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் அதே இடம் இல்லை. ஓனர் நிம்மதியாகிவிட்டார். நான் ஆகவில்லை. டாப்பெட் முகத்தில் துரு ஒரு குழி தோண்டியிருந்தால் அது இன்றைக்குப் பேசாது. பல மணி நேரம் ஓடிய பிறகு அந்தக் குழியின் ஓரம் பெயர்ந்து செதில் விடும். அதனால் இந்த என்ஜினுக்கு ஃபில்டர் வெட்டுவதை ஒரு தடவைகூடத் தவறவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் இதே வகை என்ஜின் ஒன்றில் இரும்பு 30, அடுத்து 38, அடுத்து 49 என்று வந்தது. மூன்றும் 50 மணி நேர ஆயில். லேப் ஒரு கட்டமும் போடவில்லை. எல்லாம் அவர்கள் வரம்புக்குள். விமானம் தினமும் பறந்துகொண்டிருந்தது, துருவுக்கு வாய்ப்பே இல்லை. மூன்றாவது ஃபில்டரில் காந்தம் மீசை முடி போல மெல்லிய எஃகுத் துணுக்குகளைத் தூக்கியது. டேக்ஆஃபில் ஆர்பிஎம் கொஞ்சம் குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்று ஒரு பயிற்றுநரும் சொல்லியிருந்தார். லைகமிங்கின் இந்த வகைகளில் டாப்பெட்டுக்குக் காளான் தலை. கிராங்க்கேஸைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. ஆனால் ஒரு சிலிண்டரைக் கழற்றி டார்ச் அடித்தால் கேமின் மூக்கு தெரியும். பார்த்தோம். மூக்கு மழுங்கி வட்டமாகியிருந்தது. அந்த 49 வந்த என்ஜின் பிரிக்கப்பட்டது. இந்த 71 வந்த என்ஜின் இன்றைக்கும் மாணவர்களைச் சுமந்துகொண்டு சர்க்யூட் அடிக்கிறது.

சிலிக்கானைப் பற்றிச் சுருக்கமாக. சிலிண்டர் வேலை செய்து சீலன்ட் போட்டிருந்தால் அது தனியாக ஏறித் தானாக இறங்கும். சிலிக்கானோடு இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் கை கோத்து ஏறினால் புழுதி உள்ளே போகிறது. ஏர் ஃபில்டரையும் அதன் ஓரத்து ரப்பரையும் பாருங்கள். கார்புரேட்டர் என்ஜினில் கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடுகிற பிடி) இழுத்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும். செம்மண் ஓடுபாதையில் கார்ப் ஹீட்டைப் போட்டுக்கொண்டே டாக்ஸி செய்கிற மாணவர்கள் ரிங்குகளுக்கு உப்புத்தாள் போடுகிறார்கள்.

சாம்பிள் எடுக்கும்போது என்ஜின் சூடாக இருக்கணும். டிரெயினில் முதலில் வருவதில் அடி வண்டல், கடைசியில் வருவதும் சரியில்லை, நடுவில் பிடியுங்கள். எண்ணெய்க் கை துடைத்த துணியால் பாட்டில் வாயைத் துடைக்காதீர்கள். சீட்டில் ஆயில் ஓடிய மணி நேரம், ஓவர்ஹாலுக்குப் பின் மணி நேரம், ஆயில் பெயர், நடுவில் ஊற்றியது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊற்றியது முக்கியம். 50 மணி நேரத்தில் இரண்டு குவார்ட் குடிக்கிற என்ஜினையும் பத்து குவார்ட் குடிக்கிற என்ஜினையும் ஒரே பிபிஎம் வைத்து ஒப்பிட முடியாது. இரண்டாவதில் புது ஆயில் எல்லா எண்ணையும் நீர்க்கச் செய்துவிடும். மணி நேரம் சேரவில்லை என்றாலும் நாலு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது லைகமிங். நம் பக்கத்து உப்புக் காற்றுக்கு அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

ரோட்டாக்ஸ் 912 என்கிற சின்ன விமான என்ஜின் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈயமில்லாத பெட்ரோலில் ஓட்டுகிறவர்களுக்கு ஈயம் ஆயிரத்தில் வந்தால் அது கேட்க வேண்டிய கேள்விதான். அதில் கியர்பாக்ஸும் என்ஜின் ஆயிலையே குடிக்கிறது, ஆக இரும்பு கியர் பல்லில் இருந்தும் வரலாம். சிலிண்டரில் இருப்பது நிக்கல், சிலிக்கான் கார்பைடு பூச்சு; நிக்கலை வால்வு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். தலைப்பகுதிக்குக் கூலன்ட் ஓடுவதால் என் ஓ.டி. தோழனின் சோடியக் கவலை அங்கே செல்லும். காந்த பிளக் ஒன்று கிராங்க்கேஸிலேயே இருக்கிறது. லேபுக்கு பாட்டில் அனுப்பும் முன் அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.